சிவக்காத குருதி

தை 7, ஞாயிறு

அருப்புக்கோட்டையில் மதுவிலக்கு மாநாடு. இரண்டாயிரம் பேர் இருந்திருப்பர். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். குரல் ஓரிடத்திலும் தளரவில்லை.

கூட்டத்தை நோக்கிப் பேசுபவன் காற்றோடு பேசுகிறான். ஒரு முகத்தை நோக்கிப் பேசுபவனே கூட்டத்தைப் பிடிக்கிறான். முப்பத்தெட்டு ஆண்டுகளாக நான் கைக்கொண்டுவரும் முறை இது. மேடையேறிய முதற்பத்து நிமிடங்களுக்குள் அந்த முகத்தைத் தேர்ந்துவிடுவேன். இன்று மூன்றாம் வரிசையின் ஓரத்தில் கிடைத்தது. முப்பத்தைந்து அகவை மதிக்கத்தக்க ஓர் ஆள். உதடுகள் நாவற்பழம் தின்றவைபோல் நீலம் பாரித்திருந்தன. நீர் அருந்தினேன். வழக்கம்போல் ஒரு வெற்றிலையை மடித்துக் கன்னத்தில் ஒதுக்கினேன். பிறகு கைநீட்டினேன்.

"அதோ அமர்ந்திருக்கிறாரே அந்தத் தம்பி, அவர் உதட்டைப் பாருங்கள்! அது உதடா? சாராயம் கொளுத்திய கரிக்கட்டை! தாயிடம் பால் குடித்த வாய், பின்னர் எதைக் குடித்து இப்படி நீலம் பூத்தது? இந்த மேடையில் நிற்பவன் வாயையும் பாருங்கள்! ஒரு சொட்டு மதுவும் தீண்டாத வாய்! என் குருதி சிவப்பு, என் கொள்கை சிவப்பு, என் நாவும் சிவப்பு!"

கையொலி அடங்க அரை நிமிடம் ஆயிற்று. அந்த ஆள் எழுந்து போய்விட்டான். யாரென்று தெரியாது.

விருதுநகர் திரும்பியபோது பொற்கொடி மருதாணி அரைத்து வைத்திருந்தாள். நகச்சுற்று வாராதிருக்க ஞாயிறுதோறும் பத்து விரலுக்கும் இட்டுக்கொள்வது என் பழக்கம். மணமான நாள்தொட்டு முப்பத்தோர் ஆண்டுகளாக அவள்தான் அரைத்துத் தருகிறாள்.

தை 8, திங்கள்

தொண்டைக் கட்டு. ஒரு கவுளி வெற்றிலை வாங்கினேன்.

தை 11, வியாழன்

மாவட்டச் செயலாளர் அறவாழி காலையிலேயே வந்துவிட்டார். கையில் கைப்பேசி, முகத்தில் திருவிழா.

"ஐயா, நாலு லட்சம் பேரு பாத்துட்டாக! 'கரிக்கட்ட ஒதடு'ன்னு தலைப்பு போட்டு நம்ம பய ஒருத்தன் விட்டான். தீயாப் பத்திக்கிச்சு."

"அந்த ஆளின் முகம் தெரிகிறதா?"

"பளிச்சுன்னு தெரியுதுய்யா. அதான அழகே!"

காணொளியைக் காட்டினார். என் கை நீள்கிறது. படம் அந்த முகத்துக்குத் தாவுகிறது. அவன் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் மேல்துண்டால் வாயை மூடிக்கொள்கிறான்.

நன்றாக வந்திருக்கிறது என்றேன். மின்கட்டணம் கட்டினேன். மாவு அரைத்து வந்தேன்.

தை 13, சனி

அறவாழி தொலைபேசியில் அழைத்தார். அந்த ஆள் பள்ளிச் சிற்றுந்து ஓட்டுபவனாம். பெயர் சோலைமலை. பிள்ளைகளின் பெற்றோர் காணொளியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போக, பள்ளி நிருவாகம் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டதாம்.

"நம்ம பேச்சோட வலு பாத்தீகளாய்யா! ஒரு குடிகாரன் கையில இருந்து நாப்பது பிள்ளைகளக் காப்பாத்திப்புட்டோம்."

செய்தியைப் பொற்கொடியிடம் சொன்னேன். மொட்டைமாடியில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அவரு குடிச்சதப் பாத்தீங்களா?"

"உதடு சொல்லிற்று."

"உதடா?" என்றாள். சற்று நேரம் என் வாயைப் பார்த்தாள். பிறகு மிளகாயைத் துழாவத் தொடங்கினாள்.

தை 14, ஞாயிறு

மேடையில் நான் எவர் பெயரையும் சொல்லவில்லை. இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

தை 18, வியாழன்

பத்து மணிக்கு அவனே வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கதவைத் தொடாமல் நின்றான்.

"யாருப்பா?" என்றாள் பொற்கொடி.

"சோலைமலைங்க. ஐயா மேடையில கைய நீட்டுனாகள்ல, அந்த ஆளு."

சண்டைக்கு வந்தவன் என்று எண்ணி எழுந்து நின்றேன். எழுந்து நிற்பது எனக்கு ஓர் ஆயுதம். அவனோ பொற்கொடி கொடுத்த நாற்காலியின் நுனியில் அமர்ந்தான்.

"ஐயா, எனக்குக் குடி கெடையாது. பீடி, சிகரெட்டு, பாக்கு எதுவுங் கெடையாது. இந்த ஒதடு பொறவியிலயே இப்படித்தான். எங்கம்மாவுக்கு இருக்கு. அதப் பெத்த ஆத்தாவுக்கும் இருந்துச்சாம்."

"பிறகு ஏன் அன்று எழுந்து போனீர்கள்? இல்லையென்று அங்கேயே மறுத்திருக்கலாமே?"

"ரெண்டாயிரம் பேரு கைதட்டுறாகய்யா. நான் என்னத்தச் சொல்ல?"

பொற்கொடி தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் அண்ணாந்து குடித்தான்.

"மதுவிலக்குக் கூட்டத்துக்கு வர ஒங்களுக்கு என்னப்பா வேல?" என்று கேட்டாள்.

"எங்கம்மாதான் அனுப்புச்சு. 'ஒங்க மாமன் நாப்பது வருசங் கழிச்சு ஊருக்குள்ள வாரான். தூர நின்னு பாத்துட்டு, ஒடம்பு நல்லாருக்கானான்னு வந்து சொல்லு'ன்னுச்சு. முன்னால எடங் கெடந்துச்சு, ஒக்காந்துட்டேன். அதான் நாஞ் செஞ்ச தப்பு."

"எந்த மாமன்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. செம்பைத் தரையில் வைத்தான்.

"எங்கம்மா பேரு வேலுத்தாய்ங்க."

பொற்கொடி என் பக்கம் திரும்பினாள். எனக்கு உற்றார் எவருமில்லை, இயக்கமே என் சுற்றம் என்று சொல்லித்தான் அவளை மணந்தேன்.

அவன் கேட்க வந்ததைக் கேட்டான். சாவியை வாங்கிய பள்ளி, மருத்துவச் சான்று கேட்டிருக்கிறது. ஊரில் விரல்நுனியில் மாட்டிக் குருதியின் உயிர்வளி அளவைப் பார்க்கும் கருவி எண்பத்தாறு காட்டியதாம். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். நெஞ்சில் கோளாறா, போதைப் பழக்கமா என்று ஐயுற்று மதுரைக்கு அனுப்பினராம். அங்கே குருதியியல் மருத்துவர் ஷாகிரா பானு, இது பிறவிக் குருதியின் தன்மை, நோயன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மாசி ஆறாம் நாள் பெற்றோர் கூட்டம். அன்று முடிவு.

"டாக்டரம்மா குடுத்த தாள யாருய்யா படிப்பா? ஒங்க வாய நம்புன சனம், ஒங்க வாயத்தான் நம்பும். 'அது குடி இல்ல'ன்னு ஒரு வார்த்த வந்து சொன்னீகன்னாப் போதும். மாமன்னு சொல்ல வேண்டாம்."

வெற்றிலைப் பெட்டியை அருகே இழுத்துக்கொண்டேன்.

"எம் மக அதே பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்பு படிக்கிறா. அவளுக்கும் ஒதடு இந்த நெறந்தான். இப்பல்லாம் வாயப் பொத்திக்கிட்டுத்தான் பேசுறா."

"பார்ப்போம்" என்றேன். மேடைகளில் ஆட்சியாளர் பலரை நான் கிழித்தெறிந்தது இந்த ஒரு சொல்லுக்காக. தெரிந்த நூற்பாலை ஒன்றில் காவலர் வேலைக்குச் சொல்லட்டுமா என்றும் கேட்டேன்.

"எனக்கு வண்டிதான்யா ஓட்டத் தெரியும்."

போகும்போது பொற்கொடியிடம், "வாரேன் அத்தை" என்றான். என்னிடம், "வாரேன்யா."

தை 19, வெள்ளி

பொற்கொடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வேலுத்தாய் ஒங்களுக்கு மூத்தவங்களா, எளையவங்களா?"

"மூத்தவள்."

தை 21, ஞாயிறு

பொற்கொடி மருதாணி அரைக்கவில்லை. கை வலி என்றாள். துணிகளை நானே துவைத்தேன்.

எழுதித் தீர்க்கிறேன். எனக்குப் பெற்றோர் இட்ட பெயர் முனியாண்டி. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு 'நீலவாய் வீடு' என்று பெயர். எங்கள் வாசலைக் கடக்கும் கருவுற்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பார்த்தால் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று. அக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஐவர். நான்கு பேர் காப்பியைக் குடிக்காமலே எழுந்தனர். ஐந்தாமவர் இரண்டாந்தாரமாகக் கொண்டுபோனார். பள்ளியில் நான் வாயைப் பொத்தியபடிதான் விடை சொல்வேன். ஆசிரியர், "கைய எடுத்துட்டுச் சொல்லுலே, மை குடிச்சவனே" என்பார். வகுப்பு சிரிக்கும்.

பத்தொன்பது அகவையில் வீட்டைவிட்டு ஓடி வந்தேன். செங்கதிர் என்று பெயர் சூட்டிக்கொண்டேன். வெற்றிலை உதட்டை மறைத்தது. மருதாணி நகத்தை மறைத்தது. வாயைப் பொத்திய சிறுவனை மறைக்க எது வேண்டுமோ அதை மேடை கொடுத்தது. அவ்வளவு உரக்கப் பேசுபவனின் உதட்டை எவர் உற்றுப் பார்க்கப்போகிறார்?

பொற்கொடிக்கு, சிறு அகவையில் வந்த நச்சுக்காய்ச்சல் விட்டுச்சென்ற கறை என்று சொல்லியிருக்கிறேன்.

தை 25, வியாழன்

பொற்கொடியிடம் நூலகம் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் பேருந்து ஏறினேன். மருத்துவமனைச் சீட்டில் முனியாண்டி என்று எழுதச் சொன்னேன். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெயருக்கு எழுந்து போனேன்.

ஷாகிரா பானு நாற்பது அகவைக்குட்பட்டவர். சோலைமலையின் தாய்மாமன் என்றதும் முகம் மலர்ந்தார்.

"வாங்கய்யா, வாங்க! வயசுல பெரியவங்க ஒருத்தர் கெடைக்க மாட்டாங்களான்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?"

"இல்லை" என்றேன். எதற்கு இல்லை என்று எனக்கே விளங்கவில்லை.

குருதி எடுத்தார். குழாயில் ஏறியது சிவப்பன்று. காய்ச்சி ஆறிய காப்பியின் நிறம். பக்கத்தில் வேறொருவரின் குழாய் இருந்தது. அதுவும் முதலில் இருண்டே இருந்தது. இரண்டின் மூடியையும் திறந்து காற்றுப் புகவிட்டு, மூடிக் குலுக்கினார்.

"பாருங்க. அவங்களது காத்துப் பட்டதும் செவந்திருச்சு. ஒங்களது எவ்வளவு குலுக்குனாலும் இப்படியேதான் இருக்கும்."

என் குருதி சிவப்பு என்று எத்தனை ஊர்களில் முழங்கியிருக்கிறேன்! எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

அவர் தாளில் வரைந்து காட்டினார். இயன்றவரை அவர் சொற்களிலேயே எழுதுகிறேன்.

"ரத்தத்துல ஹீமோகுளோபின்னு ஒரு புரதம் இருக்கு. நாலு இழை ஒண்ணா முடிஞ்ச மாதிரி. ஒவ்வொரு இழையிலயும் ஒரு தட்டு, தட்டு நடுவுல ஒரு இரும்பு. அந்த இரும்புலதான் ஆக்சிஜன் வந்து ஒக்காரும். ஒக்காந்தா மட்டும் போதாது, போக வேண்டிய எடத்துல எறங்கவும் விடணும். அதுக்கு அந்தப் புரதம் வளைஞ்சு குடுக்கணும். நுரையீரல்ல ஒரு வடிவம், தசையில ஒரு வடிவம். மாறி மாறி நெகிழும், இறுகும். கிட்டத்தட்ட அதுவும் மூச்சு விடுது."

"எங்களுடையது?"

"ஒரு இழையில நூத்தி நாப்பத்தோரு மணி கோத்திருக்கு. ஒங்க வீட்டுல அம்பத்தெட்டாவது மணி ஒண்ணே ஒண்ணு மாறியிருக்கு. சோலைமலைக்குப் பாத்தாச்சு. அங்க இருக்க வேண்டிய மணி, இரும்புக்கு எதிர்ல காவலுக்கு நிக்கும், தொடாது. பதிலா வந்திருக்கறது கைய நீட்டி இரும்பப் புடிச்சுக்குது. புடிச்சா விடாது. அப்புறம் அந்த இரும்புல ஆக்சிஜனுக்கு எடமில்ல. முழுப் புரதமும் ஒரே வடிவத்துல வெறைச்சு நின்னுபோகுது, நெகிழ மாட்டேங்குது. அதான் இந்த நெறம்."

மேசைக்கு அடியில் என் கையை மடக்கிக்கொண்டேன்.

"அப்படியென்றால் நாங்கள் உயிரோடிருப்பது எவ்வாறு?"

"கால்வாசிதான்யா அப்படி. மிச்சம் முக்கால்வாசி ஒழுங்கா வேல பாக்குது. மருந்து வேண்டாம். குடுத்தாலும் கேக்காது. ஆயுசுக்கும் ஒண்ணும் செய்யாது. நெறம் மட்டுந்தான். ஒங்க பிள்ளைங்களுக்கு எப்படி?"

"பிள்ளைகள் இல்லை."

"இருந்தா பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவங்களுக்கும் இருக்கும். ஆனா நல்லா ஓடியாடித் திரிவாங்க. சோலைமலை மக ஓட்டப்பந்தயத்துல ரெண்டாவதாம், தெரியுமா?"

தெரியாது என்றேன். இது உண்மை.

ஹீமோகுளோபின். வேறொரு நாளென்றால் அதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்றைப் பேருந்திலேயே ஆக்கியிருப்பேன். நிறம் மட்டுந்தான், நிறம் மட்டுந்தான் என்று விருதுநகர் வரை பேருந்தின் உருளைகள் சொல்லிக்கொண்டே வந்தன.

தை 26, வெள்ளி

மணமான புதிதில் பொற்கொடி தொட்டிலுக்கென்று ஒரு பழஞ்சேலையை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். நமக்கு இயக்கமே குழந்தை என்றேன். அதை ஒரு மேடையிலும் சொன்னேன். கைதட்டினார்கள்.

தை 28, ஞாயிறு

மருதாணி இன்றும் இல்லை. நகங்களின் அடியில் நீலம் பிறைபோல் முளைத்து வருகிறது.

மாசி 3, வியாழன்

மதுரையிலிருந்து குருதி ஆய்வின் முடிவு அஞ்சலில் வந்தது. அம்பத்தெட்டாவது மணி, அதே மாற்றம். மேசை இழுப்பறையில் வைத்தேன். காய்கறி வாங்கி வருவதற்குள் அது பொற்கொடியின் கையில் இருந்தது.

"முனியாண்டி யாரு?"

"நான்."

"அப்ப காய்ச்சலு?"

காய்கறிப் பையைத் தரையில் வைத்தேன்.

"டாக்டரம்மா தாள்ல எழுதியிருக்காங்க, இதனால ஆயுசுக்குக் கெடுதல் இல்ல, பிள்ளைகளுக்கு வந்தாலும் பயப்பட வேணாம்னு. தமிழ்லயே எழுதியிருக்காங்க. நல்லாப் படிக்க முடியுது." தாளை இருந்த மடிப்பிலேயே மடித்தாள். "இதுக்குத்தானா?"

"நான் அறியவில்லை, கொடி. நோயென்று எண்ணினேன். நம் பிள்ளையும் வாயைப் பொத்திக்கொண்டு..."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் பெத்திருப்பேன். வாயப் பொத்துற கைய எடுத்துவிட்டு வளத்திருப்பேன். நீங்க தனியா நின்னு முடிவு பண்ணிட்டீங்க. அதுக்கு முப்பத்தோரு வருசம் நான் மருதாணி அரச்சிருக்கேன்."

அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லப் பல சொற்கள் என்னிடம் இருந்தன.

மாசி 4, வெள்ளி

அக்காள் தொலைபேசியில் பேசினாள். சோலைமலையிடமிருந்து எண்ணை வாங்கி, பொற்கொடிதான் அழைத்துக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் குரல் கிழமாகியிருந்தது. ஆனால் என்னை அழைக்கும் சொல் மாறவில்லை.

"ஆண்டி, நல்லாருக்கியாடா?"

"நலமாக இருக்கிறேன்."

"நீ பள்ளிக்கூடத்துக்கு வராட்டியும் போகுது. ஒன் பொழப்பு ஒனக்கு. இன்னொருக்க அவனக் கூட்டத்துல வச்சு ஏசிப்புடாத. அது போதும் எனக்கு."

மாசி 5, சனி

இரண்டு பக்கங்களுக்கு உரை எழுதினேன். தொடக்கம் சிறப்பாக வந்திருக்கிறது.

மாசி 6, ஞாயிறு

காலையில் வெற்றிலைப் பெட்டியைத் தொடவில்லை. சவர்க்காரம் இட்டு உதட்டைத் தேய்த்துக் கழுவினேன். கண்ணாடியில் அக்காளின் வாய் தெரிந்தது. பொற்கொடி உடன் வந்தாள். பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்தாள்.

பள்ளியில் பெரிய கூடம் இல்லை. மழலையர் வகுப்பறையில் அறுபது பெற்றோர். எனக்கும் சிறுவர் நாற்காலி ஒன்று கிடைத்தது. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. சோலைமலை சுவரோரம் நின்றான். அக்காள் வந்திருக்கவில்லை.

"ஐயா இன்னைக்கு வெத்தல போடலயோ? வாய் ஒரு மாதிரி இருக்கே!" என்றார் மளிகைக் கடைக்காரர் ஒருவர். சிலர் சிரித்தனர்.

எழுந்தேன். உரையின் முதல் வரி நினைவிலிருந்தது. வாயில் வரவில்லை. சட்டைப்பையிலிருந்த தாளை எடுக்கவும் கை போகவில்லை. ஒலிபெருக்கியும் இல்லை. அறுபது முகங்களில் எதையும் நோக்க முடியாமல், சுவரில் ஒட்டியிருந்த யானைப்படத்தை நோக்கிப் பேசினேன்.

"இந்த உதடு எனக்குப் பிறவியிலேயே உண்டு. சோலைமலை என் அக்காள் மகன். எங்கள் வீட்டுக் குருதி இப்படி. அது குடி இல்லை."

என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய உரை.

மருத்துவரின் மடலைத் தலைமையாசிரியை படித்தார். பெற்றோருள் ஒரு பெண் செவிலி. விரல்நுனிக் கருவி கொண்டுவந்திருந்தார்.

"தாள்ல இருக்கறது இருக்கட்டும். ஐயா, வெரலக் காட்டுங்க." காட்டினேன். பாதி சிவப்பும் பாதி நீலமுமாக நகங்கள். "மருதாணி இருந்தா மிசினு கொழப்பும்யா. கால் வெரலக் காட்டுங்க."

குழந்தைகள் நாற்காலியில் அமர்ந்து, வேட்டியை ஒதுக்கி, கால் பெருவிரலை நீட்டினேன். கருவி அதைக் கவ்வியது. எல்லாரும் எட்டிப் பார்த்தனர்.

"எம்பத்தேழு" என்றார் செவிலி. "அவருக்கு எம்பத்தாறு. இவரு நாப்பது வருசமா மூச்சு விடாமப் பேசுறாரு. அப்பறம் அவரு வண்டி ஓட்டுறதுக்கு என்ன?"

சிரிப்பு எழுந்தது. இம்முறை அதில் நஞ்சு இல்லை. அப்போது ஓரத்திலிருந்த ஒரு தாய் கேட்டாள்.

"எல்லாஞ் சரிங்கய்யா. அன்னைக்கு ஏன் அப்படிப் பேசுனீங்க? ஒங்களுக்குத் தெரியாதா?"

சோலைமலை தலை நிமிர்ந்தான். அந்த அறையில் நான் நோக்கிய ஒரே முகம் அதுதான்.

"தெரியாது" என்றேன். "அவர் என் மருமகன் என்று அன்று நான் அறியேன், அம்மா. அறிந்திருந்தால் இந்த நாக்கை அறுத்திருப்பேன்!"

குரல் திரும்பிவிட்டது. கைதட்டினார்கள். எவரோ எனக்கொரு துண்டு போர்த்தினார். அறவாழி எப்போது வந்தாரோ, வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார். "ஐயா, இது அதவிடப் பெருசாப் போகும்!" என்று காதோரம் சொன்னார்.

தலைமையாசிரியை சாவியைக் கொடுத்தார். சோலைமலை அதை வாங்கினான். அவரைக் கும்பிட்டான், செவிலியைக் கும்பிட்டான், பொற்கொடியிடம் போய் நின்று, "சாப்பிட்டுப் போங்க அத்தை, வீடு பக்கந்தான்" என்றான். நாங்கள் போகவில்லை. போக என்னால் இயலவில்லை.

திரும்பும் பேருந்தில் பொற்கொடி முன்னிருக்கையிலிருந்தே, தலையைத் திருப்பாமல் பேசினாள்.

"மருமகன்னு தெரியாதுன்னே இருக்கட்டும். வேற யாரோவா இருந்தாலும், அந்த ஒதடு குடிச்சு வந்ததில்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

போர்த்திய துண்டு மடியில் கிடந்தது. இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மாசி 7, திங்கள்

தை ஏழாம் நாள் குறிப்பைத் திறந்து பார்த்தேன். 'யாரென்று தெரியாது' என்று எழுதியிருக்கிறது. எவரும் படிக்காத இந்த ஏட்டிலும் பொய் எழுதியிருக்கிறேன்.

முதல் பேருந்தில் அருப்புக்கோட்டை போனேன். பள்ளிக்குப் பின்புறச் சந்தில் சோலைமலை வண்டிக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சோலமல."

"சொல்லுங்கய்யா."

"நேத்து நாஞ் சொன்னது பொய்யி. அன்னைக்கே ஒன்ன எனக்குத் தெரியும்யா. நீ வந்து ஒக்காந்ததுமே தெரியும். அது அக்கா வாயி. ஒன்னப் பாத்ததும் எனக்குப் பயம் வந்துருச்சு. ரெண்டாயிரம் பேரும் ஒன்னையும் என்னையும் மாறி மாறிப் பாக்குற மாதிரி இருந்துச்சு. எம் பக்கம் பாக்குறதுக்குள்ள ஒம் பக்கம் கைய நீட்டிட்டேன்."

அவன் துணியைப் பிழிந்தான். கலங்கல் நீர் சாக்கடையில் விழுந்தது.

"தெரியும்யா."

"எப்படித் தெரியும்?"

"என்னப் பாத்தீக. தண்ணி குடிச்சீக. அதுக்கப்புறந்தான ஒரு வெத்தலைய எடுத்து வாயில போட்டீக."

"அப்ப ஏன் நேத்து எல்லாரு முன்னாலயும் சொல்லல?"

"சாவி அந்தம்மா கையில இருந்துச்சுல்ல."

துணியைக் கண்ணாடி ஓரத்தில் செருகினான். ஏறி அமர்ந்து, வண்டியைக் கிளப்பினான். பிறகு தலையை வெளியே நீட்டி, என் பின்னால் சந்தின் நீளத்தைப் பார்த்தான்.

"ஓரமா நில்லுங்கய்யா. வண்டியப் பின்னால எடுக்கணும், பிள்ளைக காத்துக்கெடக்கும்."

ஓரமாக நின்றேன்.